ஹெல்சின்கியில் என் முதல் நாள்: குளிருக்குச் செய்த ஏற்பாட்டைக் காலுக்குச் செய்யவில்லை

இடது மணிக்கட்டில் போட்டிருந்த கட்டை அவிழ்த்து இன்றோடு பத்து நாள் ஆகிறது. ஈரத் துணியைப் பிழியவும் மாவு பிசையவும் இன்னும் முடியவில்லை என்றாலும் தட்டச்சு செய்ய முடிகிறது என்பதால், மறப்பதற்குள் அந்த நாளை முழுவதும் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கிக்குப் புறப்படும் முன் நான் விசாரித்த ஒவ்வொருவரும் குளிரைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். எந்தக் கோட்டு வாங்க வேண்டும், உள்ளே எத்தனை அடுக்கு உடுத்த வேண்டும், உதட்டுக்கு என்ன தடவ வேண்டும் என்றெல்லாம் சொன்னவர்களில் ஒருவர்கூடக் காலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று சொல்லவில்லை. அதை யாராவது சொல்லியிருந்தால் ஐந்து வாரம் ஒரு கையோடு வீட்டு வேலை செய்திருக்க மாட்டேன், கையிலிருந்து ஏறத்தாழ 45 ஆயிரம் ரூபாயும் போயிருக்காது.

முப்பத்தொரு வருடம் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கடல் உறையும் என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, அதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்துகொண்டே இருந்தது. மகளுக்கு விடுப்பு கிடைக்காததால் தனியாகவே புறப்பட்டேன். எல்லோரும் கோடையில் போகும் ஊருக்கு ஜனவரிக் கடைசியில் போனதற்கு அந்த ஆசைதான் காரணம். கோட்டு, தெர்மல் உள்ளாடை, கம்பளித் தொப்பி, கையுறை என்று 19 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். காலணிக்கு மட்டும், தண்ணீர் புகாது என்று கடைக்காரர் சொன்ன ஒரு ஜோடி ஸ்போர்ட்ஸ் ஷூவோடு நிறுத்திக்கொண்டேன். அதன் அடிப்பாகம் கெட்டியான ரப்பர். குளிரில் அந்த ரப்பர் இன்னும் இறுகிப்போகும் என்பதும், தண்ணீர் புகாதிருப்பதும் வழுக்காதிருப்பதும் வேறு வேறு குணங்கள் என்பதும் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

காலை பத்து மணியளவில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். அங்கிருந்து நகரத்துக்கு ரயிலே இருக்கிறது. ‘ஐ’ என்றும் ‘பி’ என்றும் எழுத்திட்ட இரண்டு வண்டிகள் எதிரெதிர்த் திசையில் போவதைப் பார்த்து எதில் ஏறுவது என்று நான் கால்மணி நேரம் குழம்பி நின்றேன். பாதை ஒரு வளையமாகப் போவதால் எதில் ஏறினாலும் சுமார் அரை மணி நேரத்தில் மைய ரயில் நிலையத்தில்தான் கொண்டுவந்து விடும். பயணச்சீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விமான நிலையம் ‘சி’ மண்டலத்தில் இருப்பதால் ‘ஏபிசி’ என்று எழுதிய சீட்டு வாங்க வேண்டும். நகரத்துக்குள் சுற்றுவதற்கு ‘ஏபி’ போதும். மைய நிலையம் 1919இல் திறக்கப்பட்ட பெரிய கருங்கல் கட்டிடம். வாசலின் இரு பக்கமும் கையில் விளக்கு உருண்டையை ஏந்தி நிற்கும் கல் மனிதர்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த விடுதியில் பெட்டியை வைத்தேன். முகத்தைக் கழுவியதோடு சரி, உடனே வெளியே கிளம்பிவிட்டேன். ஒன்பது மணிக்குச் சற்று முன் உதிக்கும் சூரியன் நாலேகால் மணிக்கெல்லாம் மறைந்துவிடும் என்பதால், படுத்தால் நாள் போய்விடும் என்ற அவசரம் எனக்கு. இரவு முழுவதும் விமானத்தில் தூங்காத உடம்பு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் களைத்த கால் தடுமாறினால் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளாது.

நான் ஏமாந்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நிலையத்திலிருந்து கெஸ்குஸ்கத்து, அலெக்சாந்தெரின்கத்து என்ற வீதிகளின் வழியே நடந்தபோது நடைபாதையில் பனியே இல்லை. கூரைகளிலும் நிறுத்தியிருந்த சைக்கிள்களின் மேலும் வெள்ளையாகக் குவிந்திருக்க, கால் வைக்கும் கல் மட்டும் நம் ஊரில் மழை விட்ட பிறகு இருப்பதுபோல் ஈரமாக, கறுப்பாக இருந்தது. பனியை இவ்வளவு சுத்தமாகக் கூட்டி அள்ளிவிடுகிறார்கள், நாம்தான் வீணாகப் பயந்தோம் என்று முடிவு செய்துவிட்டேன். கூட்டி அள்ளியதால் வந்த சுத்தம் இல்லை அது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வீடுகளைச் சூடாக்கக் குழாய் வழியே ஊர் முழுவதும் அனுப்பப்படும் வெந்நீர், சூட்டை இழந்து திரும்பி வரும்போது, அந்தக் கடைவீதிகளின் கல்லுக்கு அடியில் பதித்த குழாய்களிலும் ஓட விடப்படுகிறது. ஆகவே மையத்தில் உள்ள சில வீதிகளில் மட்டும் பனி தங்குவதே இல்லை. அந்தச் சில வீதிகளைத் தாண்டிவிட்டால் நிலைமை வேறு. நடைபாதையைப் பராமரிக்கும் பொறுப்பு மையப் பகுதியில் பெரும்பாலும் அந்தந்தக் கட்டிட உரிமையாளருடையது என்பதால், ஒரு கட்டிடத்தின் முன்னால் பொடிச் சரளை தாராளமாகத் தூவியிருக்கும், அடுத்த கட்டிடத்தின் முன்னால் வெறும் பனிக்கட்டி பளபளத்துக்கொண்டிருக்கும். பத்தடிக்கு ஒரு தடவை தரை மாறுகிறது. நிலையத்தை விட்டு வந்த முதல் பத்து நிமிடத்தை வைத்து அந்த ஊரின் தரையை எடைபோடாதீர்கள்.

செனட் சதுக்கத்தை அடைந்தபோது பன்னிரண்டு மணி இருக்கும். மேலே வெள்ளை வெளேரென்று நிற்கும் தேவாலயம், அதற்கு ஏறிப்போகும் அகலமான கருங்கல் படிகள், நடுவே 1894இல் வைத்த ரஷ்ய மன்னர் இரண்டாம் அலெக்சாந்தரின் சிலை, இவையெல்லாம் படத்தில் பார்த்தவைதான். ஆனாலும் நேரில் நின்றபோது நெஞ்சு நிறைந்துபோனது. கார்ல் லுட்விக் எங்கெல் என்ற கட்டிடக் கலைஞர் வரைந்த அந்தத் தேவாலயம் 1852இல்தான் முடிந்தது. அவர் அதைப் பார்க்காமல் 1840இலேயே இறந்துபோனார். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தேன். என்னைக் கடந்து போன உள்ளூர்க்காரர்களின் நடையையும் பார்த்தேன், ஆனால் அதன் பொருள் அப்போது எனக்குப் பிடிபடவில்லை. அவர்கள் சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதையும் தட்டையாகத் தரையில் பதித்து, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து நடந்தார்கள். வயதானவர்கள் நடக்கும்போது ‘கிரிக், கிரிக்’ என்று மெல்லிய உலோகச் சத்தம் கேட்டது. ஊன்றுகோலின் சத்தம் என்று நினைத்தேன். அவர்களின் காலணிக்கு அடியில் இருந்த ஆணிகளின் சத்தம் அது.

அங்கிருந்து துறைமுகத்தை ஒட்டிய கௌப்பதோரி என்ற சந்தைச் சதுக்கத்துக்கு இறங்கினேன். நான் தேடி வந்த காட்சி அங்கே இருந்தது. கரையோரம் கடல் முழுவதும் சாம்பல் வெள்ளையாக உறைந்து கிடக்க, படகு போய்வரும் வழி மட்டும் கறுப்புக் கோடாகத் திறந்திருந்தது. அந்தக் கோட்டின் ஓரத்தில் உடைந்த பனிப் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அலையின் அசைவுக்கு மெல்ல மேலும் கீழும் மூச்சு விடுவதுபோல் ஆடின. பாளத்தின் உடைந்த விளிம்பு ஏறத்தாழ என் உள்ளங்கை அகலம் கனமாக, அடியில் பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தது. உப்பு நீர் உறைவது பற்றி எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! கண்ணில் நீர் வந்துவிட்டது. 1889இலிருந்து அங்கே இருக்கும் பழைய சந்தைக் கூடத்துக்குள் போய், பாலும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் காய்ச்சிய சால்மன் மீன் சூப்பும் கறுப்பு ரை ரொட்டியும் சாப்பிட்டேன். உடம்பு சூடானது. அத்தோடு விடுதிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

கைப்பேசியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். என்னுடையது மூன்று வருடப் பழையது. காலையில் பேட்டரி 100 சதவீதம் காட்டியது, வரைபடத்தை ஓட விட்டுக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் வந்ததில் சாப்பிட உட்கார்ந்தபோது 38 காட்டியது. கோட்டின் வெளிப் பையிலேயே வைத்திருந்தேன். சந்தையை விட்டு வெளியே வந்து அரை மணி நேரத்தில், 21 என்று காட்டிய நிலையிலேயே திரை அணைந்துவிட்டது. குளிர்ந்துபோன பேட்டரியில் மின்சாரம் மிச்சம் இருந்தாலும் தேவையான அளவுக்கு அது வெளியே வராது என்பதால் கைப்பேசி தானாகவே நின்றுவிடுகிறது. உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. பவர் பேங்க் விடுதியில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

மூன்றரை மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, எதிரே கதயனோக்கா தீவின் பாறை மேட்டில் உஸ்பென்ஸ்கி தேவாலயத்தின் தங்கக் கும்பங்கள் தெரிந்தன. 1868இல் கட்டி முடித்த அந்தச் செங்கல் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று காதலர்கள் பூட்டுப் போட்டு வைத்திருக்கும் சிறிய பாலத்தைக் கடந்து மேட்டில் ஏறினேன். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான் ஆனது. முந்தைய நாள் பெய்த தூறல் பழைய பனியின் மேல் விழுந்து இரவில் உறைந்திருக்கிறது. பகலில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டதும் அந்தக் கட்டியின் மேல் காகிதக் கனத்தில் தண்ணீர் படர்ந்திருக்கிறது. பார்வைக்கு அது வெறும் ஈரத் தரையாகத்தான் இருந்தது. வலது குதிகால் ஊன்றியதும் அப்படியே முன்னால் போய்விட்டது. என்ன நடக்கிறது என்று தெரிவதற்குள் இடது கையைப் பின்னால் ஊன்றிவிட்டேன். உள்ளே, ஈரச் சுள்ளியை ஒடித்ததுபோல் ஒரு சத்தத்தை நானே கேட்டேன். வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். யாரும் பார்த்துவிடுவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்றுதான் மனம் துடித்தது. எழப் போய் இரண்டாம் முறையும் சறுக்கி முழங்கால் இடித்தது.

மைனஸ் 15 டிகிரி என்றால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். வழுக்கலைப் பொறுத்தவரை நேர்மாறானது உண்மை. கடுங்குளிரில் பனி காய்ந்து, மணல்போலக் காலைப் பிடித்துக்கொள்ளும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில், உருகுவதும் உறைவதுமாக இருக்கும் நாள்தான் மோசமான நாள். இதற்கென்றே பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனம், வாகனங்களுக்குத் தருவதுபோல் நடந்து போகிறவர்களுக்கும் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைக் காலையில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எழுந்து ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைப்பேசி செத்துக் கிடந்தது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, இருக்கும் இடத்தின் பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை. கடந்து போன இரண்டு பேர் நான் இளைப்பாறுகிறேன் என்று எண்ணியிருக்க வேண்டும், நிற்காமல் போய்விட்டார்கள். அந்தச் சில நிமிடங்களில் நான் உணர்ந்த தனிமையை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. மூன்றாவதாக வந்த, என் வயதே இருக்கும் ஒரு பெண்மணியிடம் “உதவி செய்யுங்கள், விழுந்துவிட்டேன்” என்று ஆங்கிலத்தில் வாய்விட்டுக் கேட்டேன். கேட்ட மறு நொடி அவர் என் வலது கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டார். கூப்பிடாமல் வந்து விசாரிப்பது அவர்கள் வழக்கமில்லைபோலிருக்கிறது, ஆனால் கேட்டால் கைவிட மாட்டார்கள். ஆகவே தயங்காமல் கேளுங்கள். வீதிப் பலகையைக் காட்டி அவர் ஒன்றைப் புரியவைத்தார். மேலே கனவாகத்து என்றும் அதற்குக் கீழே கனால்காத்தான் என்றும் எழுதியிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீதிகள் இருப்பதாக எண்ணி அதுவரை நான் குழம்பிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே வீதிதான். பின்லாந்தில் ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் இரண்டுமே அரசு மொழிகள் என்பதால் ஹெல்சின்கியில் வீதிகளுக்கு இரண்டு பெயர் இருக்கிறது. ‘கத்து’ என்றாலும் ‘காத்தான்’ என்றாலும் வீதி. யாருக்காவது இடத்தைச் சொல்ல வேண்டி வந்தால் ஏதாவது ஒரு பெயரும் கதவு எண்ணும் போதும்.

அவர் என்னை விடுதிவரை டாக்சியில் கொண்டுவந்து விட்டு, காசு வாங்க மறுத்துவிட்டுப் போனார். அவர் பெயரைக் கேட்கவில்லையே என்ற வருத்தம் இன்றுவரை இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 112, அப்படி இல்லாத, ஆனால் நாளைவரை பொறுக்க முடியாத உடல்நலப் பிரச்சினைக்கு 116117 என்ற மருத்துவ ஆலோசனை எண் என்று வரவேற்பில் இருந்த பையன் சொன்னான். ‘112 சுவோமி’ என்ற செயலி வழியாக அழைத்தால் நாம் இருக்கும் இடம் அவர்களுக்குத் தானாகவே போய்விடுமாம். இந்த இரண்டு எண்களையும் விடுதி முகவரியையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசிக்குள் இருக்கும் தகவல் கைப்பேசியோடு போய்விடும்.

அன்றிரவே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பில் மெல்லிய விரிசல் தெரிந்தது. மருத்துவர், எக்ஸ்ரே, கட்டு எல்லாம் சேர்ந்து 412 யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 37 ஆயிரம் ரூபாய். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்காகக் குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்பதால் என்னிடம் காப்பீடு இருந்தது. இருந்தும், சிகிச்சைக்கு முன்னால் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்திருந்தால் மருத்துவமனைக்கே நேரடியாகப் பணம் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கையிலிருந்து கட்டிவிட்டு ஊருக்கு வந்து விண்ணப்பித்தேன். மருத்துவக் குறிப்பு ஃபின்னிஷ் மொழியில் இருக்கிறது, ஆங்கிலத்தில் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மருத்துவமனைக்கு மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பி அதை வாங்குவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. முதல் 100 டாலர் நம் பொறுப்பு என்ற விதி பத்திரத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. மீதிப் பணம் இன்னும் வரவில்லை. மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஆங்கிலக் குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்ட பில், எக்ஸ்ரேயின் நகல் மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல், மறுநாள் எஸ்டோனியாவின் தலைநகரான தாலினுக்குப் போக வாங்கிய கப்பல் சீட்டும் மருந்தும் டாக்சியுமாக எட்டாயிரம் ரூபாய் போனது.

கைப்பேசிக்கு உயிர் வந்ததும் மகளிடமிருந்து பதினொரு அழைப்புகள் தவறியிருந்ததைப் பார்த்தேன். “ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று அழுதாள். எத்தனை மணிக்குப் பேசுவோம், பேசாவிட்டால் எந்த விடுதியை அழைக்க வேண்டும் என்று நான் அவளிடம் சொல்லி வைக்கவில்லை. தனியாகப் போகிறவர்கள் இதையாவது செய்துவிட்டுப் போங்கள்.

மறுநாள் நடக்கப் பயந்து அறையிலேயே கிடந்தேன். சாயங்காலம் அந்த வரவேற்புப் பையன்தான், காலணிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் ரப்பர் வார் ஒன்று உண்டு, அதன் அடியில் சிறு சிறு எஃகு ஆணிகள் இருக்கும், பெரிய மளிகைக் கடையிலேயே கிடைக்கும் என்று சொன்னான். 18 யூரோ. ஏறத்தாழ 1,600 ரூபாய். முதல் நாள் காலையில் அதை வாங்கியிருந்தால் இவ்வளவும் இல்லை. மாட்டிக்கொண்டு வாசலில் இருந்த பனிக்கட்டியின் மேல் பயந்து பயந்து காலை வைத்தபோது, ‘கிரிக்’ என்று அதே சத்தம். கால் அசையவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கடைக்குள்ளோ ரயில் நிலையத்துக்குள்ளோ நுழையும்போது கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் வழவழப்பான கல் தரையில் அந்த ஆணிகளே வழுக்கும். நடக்கும்போது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வதும் கூடாது. நடைபாதையின் குறுக்கே பலகையோ தடுப்போ வைத்திருந்தால் மேலே கூரையிலிருந்து பனி விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள், எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.

இன்னொரு தடவை போனால் முதல் நாளை எப்படித் தொடங்குவேன் என்பதையும் சொல்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், நாடாளுமன்றத்துக்கு எதிரே, 2018 டிசம்பரில் திறந்த ஓடி என்ற பொது நூலகம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், கட்டணம் இல்லை. கதகதப்பு, கழிப்பறை, கைப்பேசிக்கு மின்சாரம், உட்கார நல்ல நாற்காலி எல்லாம் அங்கே உண்டு. விமானக் களைப்போடு இருக்கும் உடம்பை இரண்டு மணி நேரம் அங்கே இருத்திவிட்டு, வழியில் ஆணி வாரையும் வாங்கிக்கொண்டு, பிறகுதான் சதுக்கத்துப் பக்கம் போவேன். நீளமாக நடப்பதற்குப் பதில் டிராமில் ஏறி இறங்குவேன்; ஒரு நாள் சீட்டு வாங்கினால் டிராம், பேருந்து, மெட்ரோ, சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்குப் போகும் படகு எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

மூன்றாம் நாள் கட்டுப்போட்ட கையைக் கோட்டுக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் படகில் போனேன். பயணம் கால்மணி நேரம்தான். கீழ்த்தளத்தில் எல்லோரும் சூட்டுக்கு உட்கார்ந்திருக்க, நான் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். படகு அந்தக் கறுப்புக் கோட்டில் நுழைந்ததும் பனிப் பாளங்கள் இரும்புச் சுவரில் உரசி, உடைந்து, தாழ்வாரத்தில் யாரோ பெரிய பாத்திரங்களை உருட்டுவதுபோல் சத்தம் எழுப்பின. கைகளில் ஒன்று வலித்துக்கொண்டிருந்தது, மற்றொன்றைக் குளிர்ந்த கண்ணாடியில் வைத்து அந்த அதிர்வைத் தொட்டுக்கொண்டே போனேன்.